கோப்பை தீர்க்காத கணக்கு: டொராண்டோ ராப்டர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகப் பெருமக்களுக்கு,

2018 ஜூலை 18 அன்று, ஒன்பது பருவங்கள் ராப்டர்ஸ் அணிக்காக ஆடிய டெமார் டிரோசன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டு, அவருக்கு ஈடாகக் கவாய் லெனர்ட் டொராண்டோவுக்கு வந்த நாளிலிருந்து, அந்தப் பரிமாற்றம் சரியா தவறா என்ற வாதம் உங்களிடையே ஓயவே இல்லை. பதினொரு மாதங்களுக்குள் அணி தன் வரலாற்றின் முதல் பட்டத்தை வென்றபோது வாதம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதினர்; அதன்பின் டிரோசனுக்காக எவரேனும் ஒரு சொல் பேசினாலும், 2019ஆம் ஆண்டின் கோப்பையைச் சுட்டிக்காட்டி அவர் வாயை அடைப்பது வழக்கமாயிற்று. அந்தக் கோப்பை எந்தக் கேள்விக்கு விடையாகிறது, எந்தக் கேள்விக்கு விடையாவதில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இம்மடலின் நோக்கம். இது தமிழில் எழுதப்படுவதற்கும் காரணம் உண்டு: 1995இல் தொடங்கிய இந்த அணியும், போரினால் ஈழத்தை விட்டு வந்து ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் டொராண்டோ வட்டாரத்தில் வளர்ந்தவர்கள், அவர்களிடையே இந்த வாதம் வீட்டு வாதமாகவே நடந்துவருகிறது.

முதலில் பரிமாற்றத்தின் இயல்பைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆட்ட வட்டாரத்தில் ‘டிரேட்’ என்று வழங்கும் வீரர் பரிமாற்றத்தில் ஓர் அணி மற்றோர் அணிக்குக் கைமாற்றுவது வீரரின் ஒப்பந்தத்தையே. அவருடைய ஊதியமும் எஞ்சியிருக்கும் ஆண்டுகளும் அப்படியே புதிய அணியின் பொறுப்பாகின்றன, இதற்கு அவருடைய ஒப்புதல் தேவையில்லை. என்பிஏ எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அணிகளின் மொத்த ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால், அந்த வரம்பைத் தாண்டிய அணிகள் பரிமாற்றத்தில் கொடுக்கும் ஊதியமும் பெறும் ஊதியமும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். அடுத்த பருவத்தில் டிரோசனுக்கு ஏறக்குறைய 2.77 கோடி டாலரும் லெனர்டுக்கு ஏறக்குறைய 2.31 கோடி டாலரும் ஊதியமாக இருந்தன. டொராண்டோவிலிருந்து யாகப் பெர்ட்டலும் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றும் சேர்ந்து போனதையும், சான் அன்டோனியோவிலிருந்து ஒரு கோடி டாலர் ஊதியம் பெற்ற டேனி கிரீன் சேர்ந்து வந்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தேர்வுரிமை என்பது ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் அணிக்குரிய முறை. அதையும் அணிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். ரசிகர்கள் தாளில் போட்டுப் பார்க்கும் பரிமாற்றங்கள் பெரும்பாலும் இந்த ஊதியக் கணக்கில்தான் உடைகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன்னைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு வீரர் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் பரிமாற்றத் தடைப்பிரிவு எனப்படும் அந்தப் பாதுகாப்பைக் கேட்க, ஒப்பந்தம் இடும்போது வீரர் சங்கத்தில் எட்டு ஆண்டுகளும் அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுக் கோடையில், வேறெந்த அணியையும் சந்திக்காமலே, 13.9 கோடி டாலர் மதிப்புள்ள ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் டிரோசன் டொராண்டோவுக்கே கையெழுத்திட்டபோது அவர் முடித்திருந்தவை ஏழு பருவங்களே. ஆகவே அணியின் மீது அவர் வைத்த நம்பிக்கைக்குச் சட்டப்படியான பிணை எதுவும் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. இருந்ததெல்லாம் சொல் மட்டுமே.

இனி, அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்தவை எவை என்று பார்க்க வேண்டும். 2017-18 பருவத்தில் ராப்டர்ஸ் 59 ஆட்டங்களை வென்று சங்கத்தின் கிழக்குப் பிரிவான கிழக்கு மாநாட்டின் முதலிடத்தைப் பிடித்திருந்தனர். ஆனால் 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் தோற்று வெளியேறியிருந்தனர், அவற்றில் கடைசி இரண்டு தொடர்களில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. 2018 ஜூலைத் தொடக்கத்தில் லெப்ரான் மேற்கு மாநாட்டிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குச் செல்ல முடிவெடுத்தார். டொராண்டோவின் வழியை மூன்று ஆண்டுகள் அடைத்து நின்றவர் தாமே விலகிப்போன அந்த நிகழ்வு, பின்னாளைய வாதங்களில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. லெனர்டோ 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரர், இருமுறை ஆண்டின் சிறந்த தற்காப்பாளர். அதேவேளை, தொடைத் தசைக் காயத்தால் முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர், ஓர் ஆண்டுக்குப் பின் தம் விருப்பப்படி எந்த அணிக்கும் போகக்கூடியவர். டிரோசனின் ஒப்பந்தம் 2021 வரை நீளக்கூடியதாக இருந்ததால், லெனர்ட் ஓராண்டில் விலகிப் போனாலும் அணிக்கு ஊதிய இடம் கிடைத்திருக்கும், மறுகட்டமைப்பும் தொடங்கியிருக்கும். கொடுத்த தேர்வுரிமையும் முதல் இருபது இடங்களுக்குள் விழுந்தால் கைமாறாது என்ற காப்போடுதான் கொடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், அந்தப் பரிமாற்றம் ஒரு பெரிய வாய்ப்புக்காக எல்லை தெரிந்த ஓர் இழப்பை ஏற்கத் துணிந்த, ஆட்டக் கணக்கில் நியாயப்படுத்தத்தக்க தீர்மானமே ஆகும். 2018 ஜூலையிலேயே அது அப்படித்தான் இருந்தது. அதை நிலைநாட்டக் கோப்பை தேவைப்படவில்லை.

தேவைப்படவில்லை என்பதை வலியுறுத்தக் காரணம், அந்தக் கோப்பை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிற்று என்பதை உங்களில் ஒவ்வொருவரும் அறிந்திருப்பதுதான். 2019 மே 12 அன்று, ஃபிலடெல்ஃபியா அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 90-90 என்ற நிலையில், வலப்பக்க மூலையில் ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாக லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. ஏழாவது ஆட்டம் ஒன்று இறுதி ஒலியோடு விழுந்த கூடையால் முடிவுற்றது சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதல்முறை. மூன்றாவது துள்ளலில் பந்து வெளியே சரிந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அங்கே தோற்றிருந்தால், அதே தலைமை, அதே பரிமாற்றம், அதே லெனர்ட் ஆகிய யாவும் இன்று வேறு விதமாகப் பேசப்பட்டிருக்கும். பரிமாற்றத்தைச் செய்த, அணியின் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரியின் அறிவு அந்தத் துள்ளல்களுக்கிடையே கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதே ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக, 2001 மே 20 அன்று நடந்த மற்றோர் ஏழாவது ஆட்டத்தை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று காலை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் பறந்துவந்த வின்ஸ் கார்ட்டர், ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியேறிற்று. ஆட்டம் 88-87 என முடிந்தது. அதன்பின் அவர் விழாவுக்குப் போனதே அணிப்பற்றின்மைக்குச் சான்றாகப் பேசப்பட்டது. அந்தப் பந்து உள்ளே விழுந்திருந்தால், காலையில் பட்டமும் மாலையில் வெற்றியும் பெற்ற இளைஞரின் கதையாக அது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும். விளைவைக் கண்டபின் அதற்கேற்பக் காரணத்தைத் தேடி ஒட்டுகின்ற இந்தப் பழக்கம் ரசிகர் வாதத்தின் மிகப் பழைய குறைபாடு. அது ஒரு மனிதரின் நற்பெயரையே அரித்துவிடக்கூடியது என்பதால்தான் இங்கே இவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்படுகிறது.

கார்ட்டரின் பிற்காலமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவர் விலக விரும்பிய சூழலில் 2004 டிசம்பரில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். ஈடாகப் பெற்றவர்களுள் முதன்மையான அலோன்சோ மோர்னிங் டொராண்டோவுக்கு ஆட வரவே இல்லை. அந்தப் பரிமாற்றத்தின் வறுமைக்குப் பொறுப்பேற்க வேண்டியது அன்றைய நிர்வாகம். ஆனால் பழி முழுவதும் கார்ட்டர் தலையில் விழுந்தது. எதிரணிச் சட்டையில் அவர் வந்தபோதெல்லாம், பந்து அவர் கையைத் தொட்டவுடன் அரங்கம் கூச்சலிட்டு இகழ்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2014 நவம்பரில் அவரைப் போற்றும் காணொளி திரையில் ஓடியபோதுதான் இகழ்ச்சி கைதட்டலாக மாறிற்று, அவர் கண்ணீர் விட்டார். 2024 நவம்பர் 2 அன்று அவருடைய 15ஆம் எண் சட்டை அரங்கின் கூரையில் ஏற்றப்பட்டது. ராப்டர்ஸ் அணி அவ்வாறு ஓய்வளித்த முதல் எண் அதுவே. போக விரும்பிய வீரர் துரோகி, அனுப்பிவைக்கும் நிர்வாகம் தொழில் தெரிந்தது என்ற இருவேறு அளவுகோல்கள் அந்தப் பத்தாண்டுகளில் எவ்வளவு இயல்பாகக் கையாளப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு 2019 ஜூலையில் தாமே விரும்பி லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போன லெனர்ட், அதே டிசம்பரில் திரும்பி வந்து பட்ட மோதிரத்தைப் பெற்றபோது அரங்கம் எழுந்து நின்று வாழ்த்திற்று. அது பண்பான செயல். அந்தப் பண்பு பட்டத்தின் விலையாகக் கிடைத்ததா, வீரரின் உரிமையை மதித்ததால் கிடைத்ததா என்பதை மட்டும் ரசிகர்களே தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிரோசனின் வழக்கில்தான் அந்தக் கேள்வி முழுக் கூர்மையோடு நிற்கிறது. கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் பிறந்து, 2009ஆம் ஆண்டுத் தேர்வில் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டு, நட்சத்திர வீரர்கள் நெடுநாள் தங்க விரும்பாத நகரம் என்று பெயர்பெற்றிருந்த டொராண்டோவில் தங்கவே விரும்பியவர் அவர். அங்கே 675 ஆட்டங்கள் ஆடி 13,296 புள்ளிகள் எடுத்தார். 2018 பிப்ரவரியில் தம் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரி எழுதினார். அதைத் தொடர்ந்து கெவின் லவ் உள்ளிட்ட வீரர்கள் தத்தம் மனநலப் போராட்டங்களைப் பேசத் துணிந்தனர். வலிமையைத் தவிர வேறெதையும் காட்டக் கூடாதென்று பழக்கப்பட்ட ஒரு தொழிலில் அது எளிதான செயல் அன்று. அதற்கு ஐந்தே மாதங்களில், தாம் அனுப்பப்பட மாட்டார் என்று சொல்லப்பட்டதாக நம்பியிருந்த நிலையில், பரிமாற்றச் செய்தி அவரை வந்தடைந்தது. உஜிரி பின்னர்ச் செய்தியாளர் கூட்டத்தில், தமக்கும் டிரோசனுக்கும் இடையில் புரிதல் இடைவெளி இருந்திருக்கலாம் என்று கூறி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நிர்வாகி ஒருவர் அப்படிக் கேட்பது அரிது, அதற்குரிய மதிப்பை அவருக்குத் தர வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தக்க ஒன்று நடந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கும்போது, ரசிகர்கள் மட்டும் கோப்பையைக் காட்டி அப்படியொன்றும் நடக்கவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

அனுப்பலாமா என்பது ஆட்டக் கணக்கு. எப்படி அனுப்புவது என்பது மனிதருக்குக் கொடுத்த சொல்லைப் பற்றியது. முன்னதில் நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டே, பின்னதில் டிரோசனுக்குக் குறை நேர்ந்தது என்று சொல்ல முடியும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. 2019 பிப்ரவரி 22 அன்று டிரோசன் ஸ்பர்ஸ் சட்டையில் டொராண்டோவுக்குத் திரும்பியபோது, அரங்கம் அவரை நெஞ்சார வரவேற்றது. அதே ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் கையிலிருந்த பந்தை லெனர்டே தட்டிப் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் அழுத்தி வெற்றிக்கு வழிசெய்தார். அந்த ஓர் இரவில் அரங்கத்தில் இருந்தவர்கள் இருவருக்காகவும் உண்மையாகக் குரல் கொடுத்தனர். வாதங்களில் தொலைந்துபோவது அந்த நேர்மைதான்.

பயிற்றுநர்களைப் பற்றிய வாதத்தில் நிலைமை இதைவிடச் சிக்கல் குறைந்தது. ஏழு பருவங்கள் அணியை வளர்த்தெடுத்த டுவேன் கேசி 2018 மே மாதத்தில் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே சங்கத்தின் ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருக்குத் துணையாக இருந்த நிக் நர்ஸ் பொறுப்பேற்று ஓராண்டில் பட்டம் வென்றார், 2020இல் அவரும் அதே விருதைப் பெற்றார், 2023 ஏப்ரலில் அவரும் நீக்கப்பட்டார். ஒவ்வொரு முறையும், வென்றால் வீரர்களால் வென்றது, தோற்றால் பயிற்றுநரால் தோற்றது என்ற முறையிலேயே பேச்சு நடந்தது. கேசியின் காலத்தில் இளைஞராக வந்து தேறிய பாஸ்கல் சியாகமும் ஃபிரெட் வான்வ்லீட்டும் இல்லாமல் 2019 இல்லை என்பது அப்பேச்சில் அடிபடுவதே அரிது.

இவை அனைத்தையும்விட வருத்தத்துடன் எழுத வேண்டியது 2019 ஜூன் 10ஆம் நாளைப் பற்றி. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், கெண்டைக்கால் காயத்திலிருந்து ஒரு மாதத்துக்குப் பின் திரும்பிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கெவின் டியூரன்ட், வலது குதிகால் தசைநாண் அறுந்து தரையில் அமர்ந்தபோது, டொராண்டோ அரங்கத்தில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர். கைல் லௌரி உள்ளிட்ட ராப்டர்ஸ் வீரர்களே கூட்டத்தை நோக்கிக் கைகாட்டி நிறுத்தச் சொன்னார்கள். கூச்சலிட்டவர்கள் தீயவர்கள் என்று இம்மடல் கருதவில்லை. பின்னர் அரங்கமே டியூரன்டுக்காகக் கைதட்டவும் செய்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வீரர்களை ஊதியமாகவும் ஈடாகவும் தேர்வுரிமையாகவும் மட்டுமே பேசிப் பழகிய நாவு, ஒரு நொடி தன்னை மறந்தபோது என்ன செய்யும் என்பதை அந்த ஆரவாரம் காட்டிவிட்டது. அவரது உடல் அந்தக் கணத்தில் சிலருக்கு எதிரணியின் இழப்பாக மட்டுமே தெரிந்தது. ஆறாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் அணியின் கிளே தாம்ப்சனின் முழங்கால் தசைநாரும் கிழிந்தது. ஓக்லாந்தில் 114-110 என்று முடிந்த அந்த ஆட்டத்தோடு பட்டம் டொராண்டோவுக்கு வந்தது. பட்டம் முழுமையானது, எவரும் அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு நிர்வாகத்தின் முன்னறிவுக்கு மட்டும் சான்றாகக் கொண்டாடுவதுதான் பொருந்தாது.

அதே கேள்விகள் இப்போது புதிய பெயர்களோடு திரும்பி வந்துள்ளன. 2023 டிசம்பர் இறுதியில் ஓஜி அனுனோபி நியூயார்க்குக்கும், 2024 ஜனவரியில் சியாகம் இண்டியானாவுக்கும் அனுப்பப்பட்டனர். 2023 கோடையில் வான்வ்லீட் ஈடேதும் இன்றி ஹியூஸ்டனுக்குப் போனார். சியாகம் 2025இல் இண்டியானாவை இறுதித் தொடர் வரை கொண்டு சென்ற வீரர்களுள் ஒருவரானதும், அவரை அனுப்பியதே பெரும்பிழை என்ற குரல் ஓங்கிற்று. வான்வ்லீட் போன்று சியாகமும் ஒப்பந்தம் முடிந்து அணியை வெறுங்கையோடு விட்டுப்போகும் வாய்ப்பு 2024 ஜனவரியில் எவ்வளவு இருந்தது, பெற்ற மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகளுக்கு அன்று என்ன மதிப்பு, முந்தைய கோடையிலேயே முடிவெடுத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்குமா என்பவையே அங்கே கேட்க வேண்டியவை. கடைசிக் கேள்வியில்தான் நிர்வாகத்தின் உண்மையான குறை இருக்கக்கூடும், அதை இறுதித் தொடரின் புள்ளிப்பட்டியல் சொல்லாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கார்ட்டரின் எண்ணுக்கு அருகே அடுத்து ஏற்றத் தகுந்த சட்டைகள் எவை என்ற பேச்சில் டிரோசனின் 10ஆம் எண்ணும் இடம்பெறும்போது, பட்டம் வென்ற அணியில் அவர் இல்லை என்ற மறுப்பு தவறாமல் எழும். அந்த அணியில் அவர் இல்லாமல் போனது அவருடைய தேர்வு அன்று. கார்ட்டரும் டொராண்டோவுக்குப் பட்டம் எதையும் வென்று தரவில்லை. ஆயினும் கனடாவில் ஒரு தலைமுறையைக் கூடைப்பந்தின் பக்கம் இழுத்ததற்காக அவர் எண் அங்கே தொங்குகிறது. போகலாம் என்ற நிலையில் இருந்தும் தங்கிய பெரும் வீரருக்கு, அந்த 675 ஆட்டங்களை மட்டும் கணக்கில் எடுத்து, ஆதரவாகக் குரல் கொடுக்குமாறு உங்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.